தொற்றிப் பரவும் மோசடி

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக்குச் சற்று முன்னர் எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு கொள்ளைநோய் பரவிற்று. யாருக்கும் காய்ச்சல் இல்லை. வாந்தி பேதியும் இல்லை. ஆயினும் மூன்றே நாட்களில் ஐந்து பேருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. அந்த ஐவரில் நால்வர் மாணவர்கள். ஐந்தாமவன் நான்.

நடந்தது இதுதான். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்குப் பள்ளித் தோழருடைய கைப்பேசிச் செய்திக் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. "மச்சான், தப்பா உன் நம்பருக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் அனுப்புடா" என்றிருந்தது. கேட்பவர் தெரிந்தவர். கேட்பது பணமும் அன்று, வெறும் எண். மாணவர் அனுப்பிவிட்டார். அந்த எண் எதற்கானது, தெரியுமா? அது அவருடைய கணக்கை வேறொரு கைப்பேசியில் திறப்பதற்கான சாவி! அடுத்த நிமிடமே அவர் கணக்கு முன்பின் அறியாத ஒருவன் கைக்குப் போயிற்று. பள்ளித் தோழருடைய கணக்கும் முந்திய நாள் இவ்வாறு பறிபோனதுதான்.

இப்போது திருடனுக்கு ஒரு புதிய முகம் கிடைத்துவிட்டது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு சிலரிடம் ஆறு இலக்க எண்ணைக் கேட்டான். சிலரிடம் பணமே கேட்டான். எனக்கு வந்த செய்தியில், "சார், தேர்வுக் கட்டணம் கட்ட இன்றைக்குக் கடைசி நாள். 2,000 ரூபாய் குறைகிறது. மாலையில் தந்துவிடுகிறேன்" என்று இருந்தது. அன்று கடைசி நாள் என்பது உண்மை. வகுப்புக் குழுவில் அன்று காலை நான் இட்ட நினைவூட்டலை அவன் படித்திருக்க வேண்டும். என் கையாலேயே ரகசிய எண்ணை அழுத்தி அனுப்பி வைத்தேன். மின்காந்தவியல் கற்பிக்கும் நான், இரண்டு வரிச் செய்தியில் ஏமாந்து போனேன்.

இதைக் கொள்ளைநோய் என்று நான் கூறுவது உவமை அழகுக்காக அன்று. வீட்டில் திருட்டுப் போனால், பறிகொடுத்தவர் அடுத்த வீட்டுக்குத் திருடனாகப் போவதில்லை. இங்கோ பறிகொடுத்தவருடைய பெயரும் படமுமே அடுத்தவரைத் தாக்கும் கருவிகளாகி விடுகின்றன. இது தொற்றுநோயின் இலக்கணம் அல்லவா? அப்படியானால், தொற்றுநோய்களோடு மனிதன் நடத்திய நெடும்போரில் கற்றவை இங்கும் நமக்கு உதவ வேண்டும்.

ஒரு நோயாளி சராசரியாக எத்தனை புதிய நோயாளிகளை உண்டாக்குகிறார் என்பதை மருத்துவர்கள் ஓர் எண்ணால் குறிப்பர். நோயெதிர்ப்பு எவருக்கும் இல்லாத ஊரில் தட்டம்மைக்கு இவ்வெண் 12 முதல் 18 வரை என்பது பொதுவான கணிப்பு. எண் ஒன்றுக்கு மேலிருந்தால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தானே அணைந்து போகும். அணுக்கருத் தொடர்வினையைப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் நான் எழுதும் கணக்கும் இதுவே. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாம் படியில் 1,024 ஆகிவிடும். அணு உலையில் நியூட்ரான்களை விழுங்கும் கோல்களை இறக்கி அந்த எண்ணைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். எல்லா நியூட்ரான்களையும் விழுங்கத் தேவையில்லை. போதுமான அளவு விழுங்கினால் சரி. நம் மோசடியின் எண் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். செய்தி கிடைத்தவர்களுள் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஏமாறாதவர்களாக இருந்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஏமாறாத ஒவ்வொருவரும் தம் பணத்தோடு தமக்குப் பின்னால் நிற்பவர் பணத்தையும் காக்கிறார்.

தோல் உறுதிதான், வாய்?

இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன், "கைப்பேசிப் பணமே ஆபத்து, அதைத் தொடவே கூடாது" என்று கூறும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கருத்து எனக்கு உடன்பாடன்று. யு.பி.ஐ. என்னும் முறையை என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திற்று. அதன் பூட்டு எப்படிப்பட்டது என்று பாருங்கள். முதன்முதலில் பதிவு செய்யும்போது, உங்கள் சிம் அட்டையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே போய், இந்த எண் இந்தக் கைப்பேசியில்தான் இருக்கிறது என்று உறுதி செய்கிறது. அதற்குமேல் நான்கு அல்லது ஆறு இலக்க ரகசிய எண். நீங்கள் அழுத்தும் அந்த எண், கைப்பேசியை விட்டுப் புறப்படும் முன்னரே மறைகுறியாக மாற்றப்பட்டு வங்கிக்குப் போகிறது. வழியில் ஒட்டுக் கேட்பவனுக்கு அது வெறும் குப்பை. ஆகவே உங்கள் கைப்பேசியும் வேண்டும், உங்கள் மனத்திலுள்ள எண்ணும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் திருடன் கையில் இருந்தால் போதாது.

எங்கள் விடுதியில் இப்பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஐந்து பேரும் தாமே திறந்துவிட்டோம்.

காலரா இப்படித்தான் வருகிறது. காலராக் கிருமி உங்கள் தோலின்மேல் பட்டு உள்ளே நுழைவதில்லை. தோல் நல்ல மதில். ஆனால் குடிநீரில் கலந்துவிட்டால், நாமே குவளையை எடுத்து, நாமே வாயில் ஊற்றிக்கொள்கிறோம். 1854 ஆகஸ்டு இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா திடீரென்று வெடித்தது. பத்து நாட்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் நம்பியிருந்தனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எந்த நீரைக் குடித்தார் என்று விசாரித்தார். பிராடு தெருவிலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருந்தன. அப்பகுதியை விட்டுக் குடிபெயர்ந்து, மைல் கணக்கான தொலைவில் ஹாம்ஸ்டெடில் வசித்த ஒரு விதவை அம்மையாரும் காலராவால் இறந்தார். எப்படி? அந்தப் பம்பு நீரின் சுவை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார்! கொல்லும் நீர் தெளிவாக, சுவையாக இருந்தது என்பதை மறவாதீர்கள்.

செப்டம்பர் 8 அன்று அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்னரே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்னோவே அதை மறைக்கவில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு. காலராக் கிருமி இன்னதென்று ராபர்ட் காக் உலகுக்கு நிறுவிக் காட்டியது 1880-களில். கிருமி எதுவென்றே அறியாமல், அது வரும் வழியை மட்டும் கண்டு அடைக்கலாம் என்று 1854-லேயே ஒருவர் காட்டிவிட்டார். திருடன் யார், எந்த ஊரிலிருந்து பேசுகிறான் என்றெல்லாம் நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவன் வரும் வழி தெரிந்தால் போதும்.

யு.பி.ஐ. முறையிலும் அண்மையில் ஒரு கைப்பிடி கழற்றப்பட்டது. பிறரிடம் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி ஒன்று அதில் இருந்தது. நண்பரிடம் கடனை நினைவூட்ட நல்ல வசதிதான். ஆனால் நடந்தது என்ன? பழைய மிதிவண்டியை விற்பதாக நீங்கள் விளம்பரம் செய்வீர்கள். வாங்குவதாக ஒருவன் பேசுவான். "பணம் அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொண்டு உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பான். அவன் அனுப்பியது பணமன்று, பணம் கேட்கும் வேண்டுகோள். எண்ணைப் போட்டவுடன் உங்கள் பணம் அவனுக்குப் போய்விடும். 2025 அக்டோபர் 1 முதல் தனியாள் ஒருவர் மற்றொரு தனியாளுக்கு இவ்வாறு வேண்டுகோள் அனுப்புவதை என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. வணிக நிறுவனங்கள் அனுப்பும் வேண்டுகோள்கள் அத்தடையில் சேரவில்லை. கட்டச் சதுரக் குறியைக் காட்டி, "இதை வருடுங்கள், பணம் வரும்" என்னும் தந்திரமும் ஓயவில்லை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. குறியை வருடுவது பணம் கொடுப்பதற்குத்தான். இதை வீட்டிலுள்ள முதியவர்களுக்கு ஒருமுறையேனும் செய்து காட்டிவிடுங்கள். சொன்னால் மறந்துவிடும், செய்தால் நிற்கும்.

நம்பிக்கைக்குரிய கைகள்

தெரியாதவர் கேட்டால் நாம் எச்சரிக்கையாகி விடுகிறோம். தெரிந்தவர் முகத்தோடு வந்தால்? 1847-இல் வியன்னாப் பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவரை வாட்டிய புதிரும் இத்தகையதே. மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் மிகுதியாக இறந்தனர். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் அவ்வளவு இல்லை. காரணத்தை அவர் கண்டபோது யாருக்கும் அது இனிக்கவில்லை. பிணப் பரிசோதனை முடித்துவிட்டு மருத்துவர்கள் நேரே பிரசவம் பார்க்க வந்தார்கள். காப்பாற்ற வந்த கைகளே நஞ்சைச் சுமந்து வந்தன! மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2-ஐ ஒட்டி இறங்கிற்று.

ஆயினும் பல மருத்துவர்கள் இதை ஏற்க மறுத்தனர். "என் கை அழுக்கா?" என்னும் தன்மானம் குறுக்கே நின்றது. எனக்கு இவ்வரலாற்றில் உறைப்பது அதுதான். அந்த மாணவரைக் கூப்பிட்டு, "பணம் கேட்டது நீதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் 2,000 ரூபாய் போயிருக்காது. ஏன் கேட்கவில்லை? ஏழை மாணவரை அது சந்தேகிப்பதாகி விடுமே என்ற கூச்சம். கை கழுவுவது எதிரிலிருப்பவரை இழிவுபடுத்துவதாகாது அல்லவா? அறுவை மருத்துவர் இன்று ஒவ்வொரு முறையும் கழுவுகிறார்; யார் நோயாளி என்று பார்த்துக் கழுவுவதில்லை. பணம் கேட்டு எழுத்தில் செய்தி வந்தால், கேட்டது தந்தையாராகவே இருப்பினும், தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டபின் கொடுப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இப்போது குரலையும் கணினியால் போலியாகச் செய்கிறார்கள். ஆதலால் வந்த அழைப்பை நம்புவதைவிட நாமே திரும்பக் கூப்பிடுவது மேல். குடும்பத்தார் மட்டும் அறிந்த கேள்வி ஒன்றையும் கேட்டுவிடலாம்.

நோயில்லாத நோய்பரப்பிகள்

மாணவ நண்பர்கள் இப்பகுதியைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மேரி மலோன் என்னும் சமையற்காரி இருந்தார். அவர் வேலை பார்த்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக டைபாய்டு வந்தது. மேரிக்கோ ஒரு நோயுமில்லை, திடகாத்திரமாக இருந்தார். 1907-இல் சோதித்தபோது, அவர் உடலில் டைபாய்டுக் கிருமிகள் குடியிருப்பது தெரிந்தது. இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910-இல் அவரை விடுவித்தனர். 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் வேறு பெயரில் சமையல் செய்துகொண்டிருந்தபோது மீண்டும் பிடிபட்டார். 1938-இல் இறக்கும்வரை தனிமையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அந்த அம்மையார்மீது எனக்குப் பரிவு உண்டு. தாம் நோய் பரப்புவதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

மோசடிப் பணம் திருடனுடைய சொந்தக் கணக்குக்கு நேரே போவதில்லை. பிடிபட்டுவிடுவானே! ஆகவே வாடகைக் கணக்குகளைத் தேடுகிறான். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, நூற்றுக்கு இவ்வளவு கமிஷன்" என்றோ, "கணக்குப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் ஒரு மாதம் கொடு, 5,000 தருகிறேன்" என்றோ கல்லூரி வாசல்களில் ஆள் பிடிக்கிறார்கள். கணக்கைக் கொடுத்த மாணவருக்கு ஒரு வலியும் தெரியாது. கையில் காசுகூட வரும். ஆனால் யாரோ ஒருவருடைய ஓய்வூதியம் அக்கணக்கின் வழியே ஓடி மறைகிறது. காவல்துறை தடம் பிடித்து வரும்போது முதலில் நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டு வாசலில். மேரிக்கு அறியாமை என்ற சமாதானமாவது இருந்தது. வாடகை வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

மறைத்தால் பரவும்

விடுதிக் கதைக்குத் திரும்புவோம். முதலில் கணக்கைப் பறிகொடுத்த மாணவர் அதை இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. "படிச்ச பையன் இப்படியா ஏமாறுவான் என்று திட்டுவார்கள் என்று பயந்தேன், சார்" என்று பிறகு சொன்னார். அந்த இரண்டு நாட்களில்தான் மேலும் மூன்று கணக்குகள் பறிபோயின. எங்கள் பணமும் போயிற்று. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புத்தான் திருடனுக்கு இரண்டு நாள் அவகாசம் தருகிறது.

பெரியம்மையை ஒழித்த கதையில் இதற்கு மருந்து உண்டு. அம்மை குத்துதல் நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்தும் நோய் ஒழியவில்லை. 1970-களில் உத்தி மாறிற்று. எங்கே ஒரு நோயாளி இருக்கிறார் என்று வீடு வீடாகத் தேடினர். அம்மைக் கொப்புளம் கண்ட குழந்தையின் படத்தைச் சந்தைகளிலும் பள்ளிகளிலும் காட்டி, "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று விசாரித்தனர். கண்டு சொன்னவருக்குப் பரிசு கொடுத்தார்கள். இறுதிக் கட்டத்தில் அது 1,000 ரூபாய்வரை உயர்ந்தது. அன்று அது பெருந்தொகை. ஒரு நோயாளி தெரிந்தவுடன் அவரைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் அம்மை குத்தி, நோயைச் சுற்றி வேலி போட்டனர். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே மாதம் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோயைச் சொல்வதை இழிவாக்காமல், பரிசுக்குரியதாக்கியது அந்த இயக்கம்.

பணம் போனால் சொல்ல வேண்டிய இடம் 1930 என்னும் தொலைபேசி எண். 2021-இல் வேறோர் எண்ணில் தொடங்கிய நாடளாவிய ஏற்பாடு இது. நீங்கள் புகார் சொன்னவுடன், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கிறது. பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அங்கே துரத்துகிறார்கள். திருடனும் அந்தப் பணத்தைப் பல கணக்குகளாகப் பிரித்து ஓட்டிக்கொண்டே இருப்பான். ஆகையால் இது நிமிடக் கணக்கில் நடக்கும் ஓட்டப்பந்தயம். கூடவே வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும். நம் கவனக்குறைவால் போன பணமானாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே விதி வகுத்தது.

மூன்றாம் நாள் மாலையில்தான் விடுதிக் காப்பாளருக்குச் செய்தி எட்டிற்று. அவர் உடனே உணவுக்கூடத்துப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார். கணக்கிழந்த நால்வரும் தம் எண்ணை மீண்டும் பதிவு செய்து திருடனை வெளியேற்றினர். இரண்டாவது ரகசிய எண் ஒன்றையும் இட்டுப் பூட்டினர். பிறகு தெரிந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார்கள். அன்றிரவோடு பரவல் நின்றது.

மனத்துக்கு அம்மை குத்தலாமா?

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மெக்கயர் ஒரு விந்தையான கேள்வியை எழுப்பினார். வலுக்குறைந்த கிருமியைச் செலுத்தி உடலுக்கு எதிர்ப்பாற்றல் தருவதுபோல, வலுக்குறைந்த பொய்யைச் செலுத்தி மனத்துக்கு எதிர்ப்பாற்றல் தரலாமா? சாப்பாட்டுக்குப் பின் பல் துலக்குவது நல்லது என்பது போன்ற, யாரும் ஐயுறாத கருத்துகளை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு எதிரான சொத்தை வாதங்களைச் சிலருக்கு முன்கூட்டியே காட்டி, அவை ஏன் தவறு என்றும் விளக்கினார். பின்னர் வலுவான தாக்குதல் வந்தபோது இவர்கள் மற்றவர்களைவிட உறுதியாக நின்றனர். காலப்போக்கில் இவ்வாற்றல் தேய்கிறது என்றும், அவ்வப்போது மறுபடி ஊட்ட வேண்டியிருக்கிறது என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இதை வகுப்பில் செய்து பார்த்தேன். "உங்கள் பாட்டியை ஏமாற்ற நீங்களே ஒரு செய்தி எழுதுங்கள்" என்றேன். பிள்ளைகள் உற்சாகமாக எழுதித் தள்ளினார்கள். சிலர் எழுதியது அச்சமூட்டும் அளவுக்குத் திறமையாக இருந்தது! மின்கட்டணம் கட்டவில்லை, இரவு ஒன்பது மணிக்கு இணைப்பைத் துண்டிப்போம் என்றார் ஒருவர். பரிசு விழுந்திருக்கிறது என்றார் இன்னொருவர். உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டது, காணொளியில் உங்களைக் கைது செய்திருக்கிறோம் என்று எழுதினார் மூன்றாமவர். காணொளியில் கைது செய்ய நம் நாட்டுச் சட்டம் எதிலும் இடமில்லை. எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் பிரித்துப் பார்த்தோம். அச்சம், ஆசை, இரக்கம் என்று தூண்டில் முள் மாறுகிறது. அவசரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" என்பது பாதிக்கு மேற்பட்டவற்றில் இருந்தது. பருவத்துக்கு இருமுறை இதை இப்போது நடத்துகிறோம்.

போன பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஐவருள் ஒரு மாணவர் மட்டும் இருபது நிமிடத்துக்குள் 1930-ஐ அழைத்திருந்தார். அவருடைய 1,500 ரூபாய் வழியில் ஒரு வங்கியில் நிறுத்தப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் திரும்பி வந்தது. நான் மாலைவரை, அந்த மாணவர் பணத்தைத் திருப்பித் தருவார் என்று காத்திருந்தேன். என் பணம் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு முற்பகல், ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனை நடந்துகொண்டிருந்தது. முதலாண்டு மாணவி ஒருவர் கைப்பேசியோடு என் மேசைக்கு வந்தார். "சார், ஒன்று வந்திருக்கிறது. என் அத்தை பெயரில்" என்றார். படித்துப் பார்த்தேன், அதே ஆறு இலக்க எண். அவர் அத்தையை அழைத்துப் பேசினார். அத்தை தம் மற்ற உறவினர்களை அழைக்கத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் விடுதிப் பலகையில் அறிவிப்பு ஏறிவிட்டது. மாணவி திரும்பிப்போய், பாதியில் விட்ட அலைவு எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கினார்.